வெயில் தின்ற கான்கள்

"உந்தப் பதினெட்டுத் தண்ணிக் கானும் வேண்டாம் அண்ணை. கப்பலிலை ஏத்தாதேங்கோ."

சாமான் அடுக்க வந்திருந்த சந்திரவதனா இப்படிச் சொன்னதும் அமிர்தநாதருக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இரண்டாயிரத்து ஒன்பது, மே மாதம். வெளிநாட்டில், மோர்னிங்சைட் என்ற இடத்தில் ஒரு கட்டடத்தின் நிலக்கீழ் அறையில், போர் நடக்கும் வன்னிக்கு அனுப்பச் சாமான் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். பொறுப்பு அவருடையது. அவருடைய தங்கை நாலு பிள்ளைகளோடு அங்கே ஏதோ ஒரு பங்கர்க் குழிக்குள் கிடக்கிறாள். இருபது நாளாக ஒரு தகவலும் இல்லை.

"அங்க சனம் தண்ணி அள்ள ஒரு போத்தல் இல்லாமல் தவிக்குது. உமக்குக் கான் வடிவா இல்லையோ?"

"வடிவை ஆர் பாத்தது அண்ணை? நான் பிளாஸ்ரிக் ஃபக்டரியிலை வேலை செய்யிறன். இது வருசக்கணக்கா வெயிலிலை கிடந்து உக்கின கான். பாருங்கோ."

நகத்தால் சுரண்டினாள். வெள்ளைத் தூள் உதிர்ந்தது.

"தண்ணி விட்டா உதெல்லாம் தண்ணிக்குள்ள உதிரும். சின்னப் பிள்ளையளின்ர குடலுக்குள்ள போகும்."

"போனா?"

"என்ன செய்யும் எண்டு எனக்கு முழுசாத் தெரியாது. தெரியாததை எப்பிடிக் குடிக்கக் குடுக்கிறது?"

"ஷெல் விழுற இடத்திலை இவ குடலைப் பற்றிக் கதைக்கிறா!" அமிர்தநாதர் கத்தியே விட்டார். "வீட்டை போம் பிள்ளை. நாளைக்கு வர வேண்டாம்."

சந்திரவதனா கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியேறினாள். ஒருவரும் மறிக்கவில்லை. நல்லா வேணும் என்றுதான் அவருக்கு இருந்தது.

காலையில் அந்தக் கான்களைக் கொண்டுவந்து தந்த இராஜரட்ணம் பக்கத்தில்தான் பெட்டி கட்டிக்கொண்டிருந்தார். அமிர்தநாதர் போய் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

"குறை நினையாதையும். நீர்தான் மனிசன். என்ர தங்கச்சியின்ர பிள்ளையளும் உதிலைதான் தண்ணி குடிக்குங்கள்."

இராஜரட்ணம் தலையைக் குனிந்துகொண்டார். என்ன அடக்கம் என்று அமிர்தநாதர் நினைத்தார்.

அப்போது, வேலை முடிந்து கணவரைக் கூட்டிப்போக வந்த இராஜரட்ணத்தின் மனைவி படியிறங்கி வந்தாள். கான்களைக் கண்டதும் அப்படியே நின்றாள்.

"என்னப்பா, உதையே இங்க கொண்டு வந்தனீங்கள்? எங்கட லக்சிகாவின்ர குடலிலை புண் எண்டு, இனி உதிலை தண்ணி குடுக்க வேண்டாம், எறியுங்கோ எண்டு டொக்டர் சொன்ன கானெல்லே!"

அமிர்தநாதர் பிடித்த கையை இன்னும் விடவில்லை. இராஜரட்ணம் மனைவியின் பக்கம் சாய்ந்து முணுமுணுத்தார்.

"சத்தம் போடாதையும். எங்கட பிள்ளைக்குத்தானே கூடாது எண்டவர்."