பத்து மில்லிமீட்டர்

தேன்மொழி அந்த இரும்புப் பின்னை ஸ்குரூ கேஜில் மறுபடியும் பொருத்தி, ஜன்னல் பக்கம் திரும்பி அளவைப் பார்த்தாள்.

கம்பெனிக்காரர் கொடுத்த வரைபடத்தில் பின்னின் கனம் பத்து மில்லிமீட்டர் என்று இருந்தது. அவள் 9.82 என்று எழுதிக் கொடுத்தாள்.

பக்கத்தில் அவளோடு படிக்கும் ராசு ஒரே திருகு திருகிவிட்டு, பத்து என்று எழுதினான்.

எனக்கு உள்ளுக்குள் ஒரே குஷி. நான் பாடம் சொல்லிக்கொடுத்த பிள்ளை ஜெயித்துவிட்டாள் என்றே நினைத்தேன்.

எங்கள் மலைக் கல்லூரியில் பிஸிக்ஸ் படிப்பவர்களைத் தொழிற்சாலை வேலைக்குத் தயார் செய்யும் பொறுப்பை என் தலையில் கட்டியிருந்தார்கள். லேபில் எல்லோருக்கும் ஒரு பழக்கம். வரவேண்டிய விடையை முதலில் எழுதிக்கொண்டு, அதற்குத் தோதாக ரீடிங்கைப் பிறகு போடுவார்கள். அதை ஒழிக்கத்தான் வருடம் முழுக்கத் தொண்டை கிழியக் கத்தினேன்.

"கண்ணுக்குத் தெரியறத எழுது கண்ணு."

தேன்மொழிக்கு அது ஏறியது. ராசுவுக்குக் கடைசிவரை ஏறவே இல்லை.

கம்பெனியின் தரப் பரிசோதனைக்கு ஆள் எடுக்க வந்திருந்த அர்த்தநாரி, கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தியெடுத்துக் களைத்திருந்தார். பார்த்தால் நல்ல மனிதர்தான். கிடைத்தால் அந்த வேலை. இல்லாவிட்டால் தேன்மொழி திங்கட்கிழமை அக்கா கவிதாவோடு நூல் மில்லுக்குப் போக வேண்டும். துணிமணியைக்கூடக் கட்டி வைத்தாகிவிட்டது.

அர்த்தநாரி ராசுவின் பெயரைச் சொன்னார்.

பிள்ளைகள் வெளியே போனதும் நானே அந்தப் பின்னை அளந்தேன். 9.82.

"சார், இந்தப் பின் சைஸ் கம்மிங்க. அந்தப் பொண்ணு எழுதினதுதான் சரி."

"தெரியுங்க மேடம்," என்றார் சாவகாசமாக. "தெரிஞ்சுதான் கொண்டாந்தேன். இதோட செஞ்ச லாட்டு பூரா லாரி ஏறிப் போயிருச்சுங்க. பரிசோதனையில உக்கார்றவங்க இப்படி எழுதிக் கொடுத்தா, கம்பெனிய இழுத்துப் பூட்ட வேண்டியதுதானுங்க."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாலு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

கதவருகே தேன்மொழி நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறாள்.

"மேடம், இன்னொருக்கா அளந்து பாக்கட்டுங்களா?"

என் கையிலிருந்து வாங்கிப் பொருத்தினாள். திருகினாள். இந்த முறை ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. பையை மூடிக்கொண்டிருந்த அர்த்தநாரியைத்தான் பார்த்தாள்.

"பத்துங்க சார். முன்னாடி தப்பாப் பார்த்துட்டேனுங்க."

ஜிப்பை இழுத்த அவர் கை பாதியில் நின்றது.

"இன்னொரு ஆளும் வேணுந்தானுங்க," என்றார் என்னிடம். "ஏனுங்க மேடம், புள்ள சொல்றது சரிதானுங்களா?"

தேன்மொழி தலையைத் தூக்கவே இல்லை.

"ஆமாங்க சார்," என்றேன். "பத்துதான்."