வேலை இழந்த தாய்

பேருந்து நிறுத்தத்துச் சுவரொட்டியில் அழுதுகொண்டிருந்தது சாட்சாத் அவளேதான். கீழே, ‘இந்த ஆட்சியில் வேலை இழந்த தாய்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்.

அவள் வேலை எங்கேயும் போகவில்லை. அன்றும் பள்ளியில் பாடம் நடத்திவிட்டுத்தான் வந்துகொண்டிருந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கணவனிடம் கொட்டித் தீர்த்தாள். “என் மூஞ்சிய உங்க கட்சிக்காரங்க ஊரெல்லாம் ஒட்டி வச்சிருக்காங்க!”

அவன் கொதித்துப் போனான். “இத்தனை வருஷம் கட்சிக்கு உழைச்சிருக்கேன். என் பொண்டாட்டி படம்தான் கிடைச்சுதா? நாளைக்கே ஆபீஸுக்குப் போய் நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேக்கறேன் பாரு.”

“அது எப்ப எடுத்ததுன்னு தெரியுமா?”

“நீ எங்கயாவது கூட்டத்துல நின்னிருப்ப. எவனோ எடுத்திருப்பான்.”

“கூட்டத்துல இல்லீங்க. கிட்டப் போய்ப் பாத்தேன். என் கையில இருக்கிறது நம்ம பாப்பாவைப் போத்தியிருந்த துணி. டாக்டர் கைய விரிச்சிட்டுப் போனதும், ரூம் கதவைச் சாத்திட்டு அழுதேனே, அப்ப எடுத்தது.”

அவன் கையிலிருந்த போனை மேசைமேல் கவிழ்த்து வைத்தான்.

“அந்த ரூம்ல நாம மூணு பேர்தான் இருந்தோம்” என்றாள் அவள். “அதுல பாப்பாவுக்கு உசுரு இல்ல.”