ஏழாம் கட்டிலுக்கு ஏறும் மருந்து

தீவிர சிகிச்சைப் பிரிவில், ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் மருந்தின் அளவை இப்போது கணினியே பார்த்துக்கொள்கிறது. ரத்தப் பரிசோதனை முடிவைப் படித்து, அதுவே கூட்டும், அதுவே குறைக்கும். நர்ஸுக்கு அந்தப் பெட்டியை ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை.

ஏழாம் கட்டில்காரர் காலையிலேயே வார்டுக்குப் போய்விட்டார். மருந்து ஏற்றும் பம்பைக் கழற்றி, விரிப்பும் மாற்றியாயிற்று. திரையில் மட்டும் ஏழாம் கட்டிலுக்கு மருந்து ஏறிக்கொண்டிருந்தது.

“பழைய டேட்டா நிக்குது, சிஸ்டர்,” என்றான் கணினியைப் பார்க்க வந்த டெக்னீஷியன்.

“பழசுன்னா அப்படியே கிடக்கணும், தம்பி. இது ஏன் கூட்டிக்கிட்டே போகுது?”

அவன் விசைப்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டான். இவன்தான் எதிலோ கைவைத்திருக்கிறான் என்று அவளுக்குப் பட்டது.

காலையில் மருந்துக் குப்பியின் கழுத்தைப் பஞ்சு வைக்காமல் உடைத்ததில் அவள் விரலில் கண்ணாடி கீறியிருந்தது. மயிரிழைக் கீறல்தான். ஆனால் பிளாஸ்டரை மாற்ற மாற்ற நனைந்துகொண்டே இருந்தது. இப்போதும் ஒரு சொட்டு ஏழாம் கட்டிலின் வெள்ளை விரிப்பில் விழுந்தது.

திரை மெல்லக் கூவியது. ‘ஏழாம் கட்டில்: ரத்தக் கசிவு. மருந்து நிறுத்தப்பட்டது.’

சற்று நேரம் கழித்து அவள் பிளாஸ்டரைப் பிரித்துப் பார்த்தாள். கீறல் காய்ந்திருந்தது.

திரையில் அடுத்த வரி வந்தது. ‘நோயாளியைப் படுக்க வைக்கவும்.’

டெக்னீஷியன் ஏற்கெனவே தலையணையைத் தட்டிப் போட்டுக்கொண்டிருந்தான்.