அடைப்புக்குறிக்குள் எம்.காம்.

இதனால் சகலமானவர்களுக்கும் அறிவிப்பது யாதெனில், புரொபசர் மேற்படிப்பு படிப்பதென்று முடிவு செய்துவிட்டார்.

அறிவிப்பு ஞாயிற்றுக்கிழமை காலை, பல் துலக்கிய கையோடு, சமையலறை வாசலில் வெளியிடப்பட்டது. சபையில் இரண்டு பேர். மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பத்தாம் வகுப்பு மகள் காதில் பாட்டை மாட்டிக்கொண்டிருந்தாள்.

இது ஒன்பதாவது அறிவிப்பு.

புரொபசர் என்பது பட்டம் அல்ல, பட்டப்பெயர். சித்தப்பாவின் சிபாரிசில் சேர்ந்த சரக்குக் கிடங்கில் அவர் மேற்பார்வையாளர். ஆனால் வாசலில் தொங்கும் பலகையில் அவர் பெயருக்குப் பின்னால் பி.காம்., (எம்.காம்.,) என்று இருக்கும். அந்த அடைப்புக்குறிக்கு, ‘இதோ முடிக்கப்போகிறார்’ என்று பொருள். மகள் பிறப்பதற்கு முன் எழுதிய பலகை. வெயிலில் எழுத்து வெளுத்து, ஒருமுறை மறுபடியும் பெயின்ட் அடித்தாகிவிட்டது. அடைப்புக்குறிக்கும் சேர்த்துத்தான்.

சேருவதா வேண்டாமா என்பதில் புரொபசருக்குக் குழப்பமே கிடையாது. எப்போது என்பதில்தான்.

ஒரு வருஷம் வீடு மாற்றினார்கள். ஒரு வருஷம் மகளுக்கு அம்மை. போன வருஷம் அவருக்கு முழங்கால் வலி. வணிகவியலுக்கும் முழங்காலுக்கும் என்ன சம்பந்தம் என்று மனைவி கேட்டாள். உட்கார்ந்துதானே படிக்க வேண்டும் என்றார்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சமாசாரம்தான், அந்த வீட்டில் ஒரு சட்டம் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால்.

ஒரே சமயத்தில் இரண்டு பேர் படித்தால் வீடு வீடாக இருக்காது, ஒருத்தர் முடித்த பிறகு இன்னொருத்தர், மூத்தவர் முதலில். சட்டம் இயற்றியவர் புரொபசர். கேட்பதற்கு நியாயமாக இருந்ததால் மனைவியும் சரி என்றிருந்தாள்.

அவள் ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் ரத்தம் எடுப்பவள், பி.எஸ்சி. முதல் வகுப்பு. அவளிடம் ஊசி பிடிக்கக் கற்றுக்கொண்ட பெண் எம்.எஸ்சி. முடித்து வந்து, இப்போது அவளுடைய லீவு சீட்டில் கையெழுத்துப் போடுகிறாள். மேலே படிக்க ஆஸ்பத்திரி விடுப்பு தரும், ஆனால் நாற்பது வயதுக்குள் விண்ணப்பித்திருக்க வேண்டும்.

அடுத்த மாதம் அவளுக்கு நாற்பது.

வரிசையில் முன்னால் நிற்பவர் நகரவும் மாட்டேன், விலகவும் மாட்டேன் என்றால் பின்னால் நிற்பவர் அவருடைய முதுகை எத்தனை வருஷம்தான் பார்த்துக்கொண்டிருப்பது?

விண்ணப்பிக்க இன்று மாலை ஐந்து மணி வரைதான் நேரம். மடிக்கணினியைத் திறந்து பல்கலைக்கழகத்தின் படிவத்தைக் கொண்டுவந்து, அவர் பெயரை நிரப்பி வைத்தவள் அவள்தான். சேருகிறாரா விலகுகிறாரா என்பது இன்றைக்குத் தெரிந்துவிட வேண்டும் அவளுக்கு. ‘இந்தப் படிப்பில் சேர விரும்புவது ஏன்? இருநூறு சொற்களுக்கு மிகாமல் எழுதுக’ என்றது படிவம். புரொபசர் ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொண்டு ஹாலுக்குப் போனார்.

மதியம் அவள் எட்டிப் பார்த்தபோது ‘கல்வி என்பது’ வரை வந்திருந்தார்.

“அப்பாவும் நானும் ஒரே வருஷம் காலேஜ் சேந்துடலாம்மா, ஒரே பஸ்ல போலாம்” என்றாள் மகள்.

பட்டச் சான்றிதழ் எங்கே என்று மனைவி கேட்டதற்கு, அதற்கு என்ன இப்போது அவசரம், நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று ஹாலிலிருந்து பதில் வந்தது. இன்றைக்குக் கடைசி நாள் என்றாள். இவர்கள் எப்படியும் தேதியை நீட்டிப்பார்கள், தனக்குத் தெரியாதா என்றார்.

அவளுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஸ்டூலை இழுத்துப் போட்டு, அதன்மேல் தானும் ஏறினாள்.

பீரோவின் மேல்தட்டில் இருக்கும் நீலக் கோப்பு அவருடைய சொந்த ராஜ்ஜியம். எப்போதும் அவரே எடுப்பார், அவரே வைப்பார். முழங்கால் வலி வந்ததிலிருந்து அவரும் ஏறுவதில்லை.

கோப்பை முதலிலிருந்து கடைசிவரை புரட்டினாள். மின்விசிறியின் உத்தரவாதச் சீட்டு இருந்தது. பள்ளிக்கூடத்தில் கோலிக்குண்டு போட்டியில் வாங்கிய பரிசுச் சான்றிதழ் இருந்தது. தேடி வந்தது இல்லை. அது இருக்க வேண்டிய இடத்தில் வேறொரு தாள் நாலாக மடித்து வைக்கப்பட்டிருந்தது.

ஸ்டூலில் நின்றபடியே அதைப் படித்தாள். இன்னொரு முறையும் படித்தாள்.

இலவு காத்த கிளிக்கு மரமாவது ஒன்று இருந்ததே என்று தோன்றியது.

இறங்கி வந்தாள். ஸ்டூலை இருந்த இடத்தில் வைத்தாள். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு மடிக்கணினியின் முன் உட்கார்ந்தாள். ‘விண்ணப்பதாரர் பெயர்’ என்ற கட்டத்தில் இருந்த அவர் பெயரை அழித்துவிட்டு, தன் பெயரை ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள். படிப்பு என்ற கட்டத்தில் எம்.காம். போய் எம்.எஸ்சி. வந்தது. ‘விரும்புவது ஏன்’ என்பதற்கு அவளுக்கு நாற்பது சொற்கள்கூடத் தேவைப்படவில்லை. நாலரைக்கு அனுப்பினாள். கிடைத்தது என்று பதில் வந்தது.

நாலே முக்காலுக்குப் புரொபசர் தாளோடு வந்து கதவருகே நின்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். முதல் பத்தி பிரமாதமாக வந்திருப்பதாகவும், ஆனால் நிதானமாக யோசித்ததில் அடுத்த வருஷம்தான் சரியான காலம் என்று படுவதாகவும் சொன்னார்.

“உங்க இஷ்டம். நான் எனக்குப் போட்டுட்டேன்.”

“மூத்தவர் முதல்லன்னு பேச்சு இருக்கே?”

“நீங்க முதல்ல வேறொண்ணு எழுதணும்போல இருக்கே” என்று அந்தத் தாளை அவர் பக்கம் தள்ளினாள்.

பி.காம்., மூன்றாம் ஆண்டு மதிப்பெண் பட்டியல். வணிகப் புள்ளியியல், முப்பத்தொன்று. தேர்ச்சிக்கு நாற்பது.