ஐம்பது குதிரைசக்தி

கணவன் க்வில் ஆசை ஆசையாக வாங்கிய புதிய அதிவேக ஹேட்ச்பேக்கை, அவனுக்குத் தெரியாமல் மெக்கானிக் கெரைன்ட்டிடம் ஓட்டி வந்திருந்தாள் மென்னா.

"இஞ்சினை ட்யூன் பண்ணா வாரண்டி போயிடும், மென்னா."

"போனாப் போகட்டும். இந்தக் கார் வந்ததுலேர்ந்து எனக்குத் தூக்கமே இல்ல."

கெரைன்ட் சிரித்தான். "உனக்குமா இந்தப் பித்து? சரி, ஐம்பது குதிரைசக்தி ஏத்தித் தரேன், போதுமா?"

"ஏத்தவா? ஐம்பது குறைச்சுக் குடுப்பா. சத்தம் மட்டும் இப்ப இருக்கறதைவிடப் பெரிசா வரணும்."

மறுநாள் வேல்ஸ் மலைப்பாதையில் க்வில் ஆக்ஸிலரேட்டரை அழுத்தினான். கார் உறுமியது.

"பாத்தியா, ஓட்ட ஓட்ட எப்படிப் பறக்குதுன்னு."

"மெதுவாப் போ க்வில், பயமா இருக்கு" என்றாள் மென்னா. அந்த வளைவுகளில் அவள் கண்களைத் திறந்து வைத்திருந்தது அன்றுதான் முதல் தடவை.