பட்டாம்பூச்சி வீட்டின் திறப்பு நாள்

வயிற்றில் இரண்டாவதும் தங்காமல் போன பிறகு ரேணுகா வீட்டை விட்டு வெளியே வரவேயில்லை. அவளை வரவழைக்கத்தான் கணவன் தணிகைவேல் தன் செடி நர்சரியின் ஒரு மூலையில் வலை கட்டி, குடும்பங்கள் வந்து பார்க்கும்படி பட்டாம்பூச்சி வீடு அமைத்தான். அவள் வந்தாள். வலைக்குள் எலுமிச்சைக் கன்றுகளில் ஊர்ந்த புழுக்களில் இரண்டுக்கு, பிள்ளைகளுக்கென்று எடுத்து வைத்திருந்த பெயர்களையே வைத்தாள். அவை கூடு கட்டிச் சிறகோடு வெளியே வந்த அன்று, பல மாதங்களுக்குப் பிறகு சிரித்தாள்.

திறப்பு நாளுக்கு முந்தைய மாலை அவன் கன்றுகளைப் பார்த்தான். இலையெல்லாம் ஓட்டை. ஓட்டை விழுந்த இலையோடு எந்தச் செடியையும் அவன் வாடிக்கையாளர் கண்ணில் காட்டியதில்லை. கை தன் பழக்கத்தில் பூச்சிமருந்துத் தெளிப்பானை எடுத்துவிட்டது.

காலையில் ரேணுகாதான் முதலில் உள்ளே போனாள். அவன் எட்டிப் பார்த்தபோது, தரையில் கிடந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, சிறகை விரித்து, இட்லிப்பூக் கொத்துகளின் மேல் வைத்துக்கொண்டிருந்தாள்.

கதவு திறந்ததும் குழந்தைகள் கைதட்டினார்கள்.

"எவ்ளோ சமத்தா உக்காந்திருக்கு பாரேன்!" என்று ஒரு அப்பா போனை நீட்டிப் படமெடுத்தார்.

"ஆன்ட்டி, இதெல்லாம் ஏன் பறக்கல?" என்றாள் அவர் மகள்.

"தூங்குதுடா கண்ணு. தொடாத."

பிறகு ரேணுகா, திரும்பிப் பார்க்காமலே கணவனிடம் சொன்னாள்: "கைய நல்லா கழுவிட்டு வாங்க. பிள்ளைங்க இருக்கிற இடம்."