அறுபத்துநாலாவது எபிசோடு

"இன்னிக்கு என் முறை. அறுபத்துநாலுதான் போடப்போறேன்," என்றாள் லம்யாய். "பாலத்துல நிக்கிற பேய்ப் பொண்ணு கதை."

நரோங் கையில் உருட்டிய பசையரிசிச் சோற்றைத் திரும்பக் கூடையிலேயே வைத்தான்.

தாய்லாந்தின் நொந்தபுரியில், பார்சல்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் அந்தக் கொட்டகைக்கு ஒரே ஒரு ஸ்பீக்கர்தான். சாப்பாட்டுக்குப் பிறகு தினம் ஒருவர் தனக்குப் பிடித்த பாட்காஸ்ட்டைப் போடலாம். இருபது பேரும் பெட்டிகளைப் பிரித்துக்கொண்டே கேட்பார்கள்.

லம்யாய் சொன்ன பேய்க் கதை நிகழ்ச்சியின் அறுபத்துநாலாவது எபிசோடில் போன் செய்து, பேயைப் பார்த்ததாக நடுங்கி நடுங்கிச் சொல்பவன் நரோங்தான். அவன் எதையும் பார்த்தது கிடையாது. நிகழ்ச்சி நடத்தும் நண்பனுக்கு அந்த வாரம் பேச ஆள் சிக்கவில்லை.

கால்வாய்ப் பாலத்தில் பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி லாரியில் அடிபட்டதாக இரண்டு வரிச் செய்தி நரோங்குக்குக் கிடைத்தது. அவளுக்கு ஒரு மழைக்கோட்டை மாட்டி, கையில் ஒரு சிவப்புப் பையைக் கொடுத்து, "அண்ணே, வீட்டுக்கு எந்தப் பக்கம்?" என்று கேட்க வைத்தான். அவ்வளவுதான் அவன் செய்தது.

இப்போது ஊர் ஜனம் அந்தப் பாலத்தில் அவளுக்குப் படையலாகச் சிவப்பு சோடா வைத்து ஊதுபத்தி கொளுத்துகிறது. கொட்டகையில் பாதிப் பேர் போய் வந்துவிட்டார்கள். அவர்கள் அந்த எபிசோடைக் கேட்டபோது நரோங் இங்கே வேலைக்குச் சேர்ந்திருக்கவில்லை. இன்று ஸ்பீக்கரில் போட்டால், அவன் குரல் அவன் பக்கத்திலேயே நின்று பேசும்.

"பேய் வேணாம் அக்கா, சாப்பிட்டது செரிக்காது," என்றான். "கனவுல என்ன வந்தா எந்த நம்பர் லாட்டரி எடுக்கணும்னு ஒரு அம்மா சொல்வாங்களே, அதைப் போடுங்க. சிரிச்சுச் சிரிச்சு வயிறு வலிக்கும்."

"உன் லாட்டரி அம்மாவை நம்பித்தான் நான் செருப்பில்லாம நிக்கிறேன்," என்றாள் பியாக். அந்தக் கூட்டத்தில் வாய் ஓயாதவள் அவள்தான்.

"அப்போ புருஷனும் பொண்டாட்டியும் சண்டை போட்டுக்கிட்டே சமைப்பாங்களே, அது? நண்டு எபிசோடு பிரமாதம் அக்கா. கடைசியில நண்டு தப்பிச்சு ஓடிடும்."

"அது எங்க வீட்டுல தினம் ஓடுது. அங்க ஓடறது எம் புருஷன்," என்றாள் பியாக். எல்லோரும் சிரித்தார்கள். "தம்பிக்குப் பயம்டி! நீங்க அறுபத்துநாலே போடுங்க அக்கா. நானும் சோடா வெச்சுட்டு வந்தேன். எறும்பு குடிச்சிட்டுப் போச்சு. அந்த போன் பண்ண ஆளு மட்டும் புளுகியிருக்கான்னு தெரிஞ்சுது, அதே கால்வாயில தலையை அமுக்கிடுவேன்."

லம்யாய் சிரிக்கவில்லை. "எல்லாரும் நல்லாக் கேளுங்க. கேட்டுட்டு யாராவது அந்தப் பக்கம் போனா, ஏதாவது பாத்தா, எனக்கு வந்து சொல்லுங்க."

பிறகு, எதையோ எண்ணிப் பார்ப்பவள் போலக் கேட்டாள்: "செத்த எடத்துக்கு பிக்குவைக் கூட்டிட்டுப் போய், பேர் சொல்லிக் கூப்பிட்டா, அந்த ஆவி கூடவே வீட்டுக்கு வந்துடணும்ல? அப்புறம் ஏன் இன்னும் அங்கயே நிக்குது?"

"கூப்பிட்டவங்க ஒழுங்காக் கூப்பிட்டிருக்க மாட்டாங்க," என்றாள் பியாக், வாய் நிறையப் பப்பாளியோடு. "பாதி வழியில விட்டுட்டுப் போயிருப்பாங்க."

லம்யாய் மேலே எதுவும் சாப்பிடவில்லை. சோற்றுக் கூடையை மூடிவிட்டு, தட்டோடு குழாயடிக்குப் போனாள். நரோங் பின்னாலேயே ஓடினான்.

"அக்கா, இன்னிக்கு மட்டும் வேற ஏதாவது போடுங்களேன். என் முறை ரெண்டு நாள் சேர்த்து நீங்களே எடுத்துக்கங்க."

"அதுல அந்த ஆளு ஒண்ணு தப்பாச் சொல்றான்," என்றாள் அவள், தட்டைக் கழுவியபடியே. "பை சிவப்புங்கறான். நீலம்."

நரோங் ஓரடி பின்வாங்கினான். செய்தியில் பையே இல்லை. எங்கெங்கோ விசாரித்து, அவன் கதையை வரிவரியாகப் பிரித்து வைத்திருக்கிறாள் போலிருக்கிறது.

"மழையில அவனுக்கு அப்படித் தெரிஞ்சிருக்கும்," என்று உளறினான்.

"நூறு தடவை கேட்டிருக்கேன், தம்பி. எந்த எடத்துல மூச்சு வாங்குவான்னு எனக்குத் தெரியும்." குழாயை மூடினாள். "நீ வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கு, 'வணக்கம் அக்கா'ன்னு சொன்னியே, அப்பவே புரிஞ்சுபோச்சு. ரெண்டு மாசமாக் கேக்கணும் கேக்கணும்னு இருந்தேன், தைரியம் வரல. இன்னிக்கு அதைப் போடறேன்னு சொன்னா நீயே என்கிட்ட வருவேன்னு நெனச்சேன். நீதானே அது?"

மறுத்து என்ன பயன்? குரலை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? கொட்டகைக்குள் பியாக்கின் சிரிப்புச் சத்தம் கேட்டது. உண்மையைச் சொல்லி காலில் விழுந்துவிடலாம் என்று முடிவு செய்தான்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க அக்கா. அது வந்து..."

அவள் ஈரக்கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தப் பிடியில் கோபம் இல்லை.

"வீட்டுக்கு வழி கேட்டாள்னு சொன்னியே... அம்மா எங்கேன்னு கேட்டாளா, என் பொண்ணு?"